ஒற்றை அலைவரிசை ஆசாமிகள்

மனித குலம் இதுவரை உருப்படியாகக் கண்டுபிடித்தவை மூன்றே மூன்றுதான்: நெருப்பு, சக்கரம், பல அலைவரிசை மெட்டல் டிடெக்டர். மற்றதெல்லாம் பொழுது போகாதவர்கள் செய்து வைத்தவை.

மாப்பிள்ளை இதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், எதிரே இருந்த தண்ணீர் ஜாடியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அரசியல் சட்டத்தின் முதல் வரியை வாசிப்பவர் போலச் சொன்னார்.

"அப்ப கரண்ட்டு?" என்று கேட்டான் மச்சான்.

மாப்பிள்ளை நியாயமாக யோசித்தார். "டிடெக்டருக்குச் சார்ஜ் போடணும். அந்த வகையில அதையும் சேத்துக்கலாம்."

மாப்பிள்ளைக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். கண்ணை அளந்து, எந்த லென்ஸ் என்று சொல்பவர். விடுமுறை நாட்களில் மெட்டல் டிடெக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரை, பூங்கா, இடித்துப் போட்ட கட்டடம் என்று கிளம்பிவிடுவார். இதுவரை கண்டெடுத்த செல்வம்: வளைந்த கரண்டிகள், பாதிக் கத்திரிக்கோல், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், ஒரு காதுத் தோடு. தோட்டின் ஜோடி கிடைக்கும்வரை அதைக் கண்டெடுத்த கணக்கில் வைக்கக் கூடாது என்பது மனைவியின் கட்சி.

மச்சான், மனைவியின் தம்பி. டயர் கடையில் வேலை. அவனிடமும் ஒரு டிடெக்டர் இருந்தது. யாரோ வேண்டாமென்று கொடுத்த பழைய எந்திரம், ஒற்றை அலைவரிசை. அதில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். மச்சானின் சுபாவத்துக்கும் அது பொருத்தமாகவே இருந்தது.

"அடியில வட்டமா இருக்கே, அந்தச் சுருள்ல இருந்து ஒரு காந்த அலை கீழ போகுது," என்று மாப்பிள்ளை விளக்கினார். யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர் விளக்கங்கள் கேள்விக்காகக் காத்திருப்பதில்லை. "மண்ணுல உலோகம் இருந்தா அது சும்மா இருக்காது. பதிலுக்கு ஒரு முணுமுணுப்பு கொடுக்கும். அதைக் காது குடுத்துக் கேக்கறதுதான் மெஷின் வேலை. உன் மெஷின் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்குது. என்னுது ஒரே சமயத்துல பல கேள்வி கேட்டு, பதில்களை ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாக்குது. கடற்கரை ஈர மணல்ல உப்புத் தண்ணியும் முணுமுணுக்கும். உன் மெஷின் அதை மோதிரம்னு நம்பிரும். என்னுது, இது எல்லாக் கேள்விக்கும் உப்பு மாதிரியே பதில் சொல்லுதே, போய்ட்டு வான்னு அனுப்பிரும்."

"உங்க மெஷின்லயும் சிங்கிள் பட்டன் இருக்கே அத்தான்."

"இருக்கு. லிஃப்ட் இருக்கற கட்டடத்துல படிக்கட்டும் இருக்கும். தீப்பிடிச்சா ஓடறதுக்கு." மாப்பிள்ளை துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சிங்கிள்ல தேடறவன் பொண்டாட்டி பேசறதை ஒரு காதால கேக்கறவன்."

"ரெண்டு காதாலயும் கேக்கறவர் யாருன்னு தெரிஞ்சா நானும் ஒரு தடவை பாத்துக்குவேன்," என்றாள் மனைவி, தட்டுகளை அடுக்கிக்கொண்டே. அவள் பஸ் ஓட்டுபவள். நாள் முழுக்கப் பின்னால் ஐம்பது பேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே முன்னால் பார்க்கத் தெரிந்தவள்.

மேஜை விளிம்பில் மாமனாரின் விரல்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இல்லாத கிளாரினெட்டின் துளைகளை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

அதற்குக் காரணம் உண்டு. மகள் ஓட்டும் பஸ்கள் தங்கும் அதே பணிமனையில் அவர் மெக்கானிக். பணிமனைக்கென்று ஒரு வாத்தியக் குழு உண்டு. அதில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அவர் இரண்டாம் கிளாரினெட். இரண்டாம் கிளாரினெட் என்பது, முதல் கிளாரினெட் பாடும்போது பின்னால் நின்று 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டுகிற வேலை. மாமனார் ஒரு தலைமுறைக் காலம் ஆமாம் போட்டார். இப்போது முதல் கிளாரினெட்காரர் வேறு பணிமனைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பணிமனையில் மின்சார பஸ்களுக்கான புதுச் சார்ஜிங் கொட்டகைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை திறப்பு விழா. அதில் ஒரு தனி வாசிப்பு. அது மாமனாருக்கு. அவர் முடியாது என்றால் ட்ரம்பெட்காரருக்கு. ட்ரம்பெட்காரர் அந்த 'முடியாது'க்காகப் பல நாளாக நல்லெண்ணத்துடன் காத்திருந்தார்.

சனிக்கிழமை மதியம், கடையில் ஒருவருக்கு மாப்பிள்ளை கண் அளந்துகொண்டிருந்தபோது மனைவியின் போன் வந்தது.

"அப்பாவோட பல்லைக் காணோம்."

"எந்தப் பல்லு?"

"கழட்டி மாட்டற பல்லுதாங்க. மத்ததை எப்படித் தொலைக்க முடியும்? மெஷினை எடுத்துட்டு உடனே வாங்க."

மாப்பிள்ளை அப்படியே கிளம்பிவிட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகையை வாசித்துக்கொண்டிருந்த மனிதர், அடுத்த உத்தரவு வரும் என்று வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்ததாகப் பின்னால் கடை முதலாளி சொன்னார்.

நடந்தது இதுதான். ஒத்திகை பணிமனைக்குப் பின்னாலுள்ள புல்வெளியில். இடைவேளையில், ஊதுகிறவர்கள் எல்லோரும் வாத்தியத்துக்குள் சேர்ந்த ஈரத்தைத் துணியால் துடைத்து, துணியை நாற்காலியில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். டிரம்காரருக்கு ஊதும் வேலை இல்லை, ஈரமும் இல்லை. மற்றவர்கள் துடைக்கும்போது தான் சும்மா நிற்பது அவருக்கு உறுத்தல். அதனால் எல்லாத் துணிகளையும் அள்ளிக்கொண்டு, புல்வெளி ஓரமாகக் கட்டியிருக்கும் நைலான் கொடியருகே நடந்தபடியே ஒவ்வொன்றாக உதறிக் காயப்போடுவார். டிரம் அடித்துப் பழகிய கை. உதறினால் துணியிலிருக்கும் சாயமே பறந்துவிடும்.

மாமனாருக்கும் ஒரு வழக்கம். பிஸ்கட் சாப்பிட்டால் துகள் உள்ளே போய் உறுத்துகிறது என்று, மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றித் துடைப்புத் துணியில் சுருட்டிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். இந்த இரண்டு வழக்கங்களும் ஆண்டுக்கணக்காக ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. அன்றைக்கு எல்லோரும் திறப்பு விழாவுக்கான புதுச் சீருடையைப் போட்டுப் பார்த்தார்கள். புதுச் சீருடையின் பைகளைத் தையல்காரர் இன்னும் பிரித்துவிடவில்லை. பைக்குள் போக வேண்டிய துணி நாற்காலியிலேயே இருந்துவிட்டது.

"எங்க நின்னு உதறுனீங்க?" மாப்பிள்ளை கேட்டார்.

டிரம்காரர் கொடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கையை நீட்டிக் காட்டினார். அவர் முகம் செத்துப் போயிருந்தது. "நின்னு உதற மாட்டேன் தம்பி. நடந்துக்கிட்டே உதறுவேன். தாளம் தப்பக் கூடாதுன்னு."

குழுவே மண்டிபோட்டுத் தேடிப் பார்த்துவிட்டது. புல் கணுக்கால் தாண்டி வளர்ந்திருந்தது. பல்செட்டோ ஒரு மெல்லிய உலோகத் தகடு, அதில் இளஞ்சிவப்புப் பூச்சு, முன்னால் சில பற்கள். புல்லுக்குள் விழுந்தால் மண்ணோடு மண்.

மாமனார் நீளப் பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டிருந்தார். கிளாரினெட்டின் ஊதுவாய் மேல்பற்களில்தான் பதிந்து நிற்க வேண்டும். பல் இல்லாமல் ஊதினால் காற்றுதான் வரும். புதுப் பல்செட் செய்ய வாரக்கணக்காகும் என்று பல் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ட்ரம்பெட்காரர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மனசைத் தளரவிடாதீங்க, நான் பாத்துக்கறேன்," என்று ஆறுதல் சொன்னார். அதைவிடக் கொடுமையான ஆறுதலை மாப்பிள்ளை கேட்டதில்லை.

இன்னொரு சிக்கல் புல்வெளியின் மறுகோடியில் நின்றுகொண்டிருந்தது. தோட்டக்காரரும், அவர் ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியும். விழா நாற்காலிகளை இருட்டுவதற்குள் போட்டாக வேண்டும், அதற்குள் புல்லை வெட்டியாக வேண்டும்.

"அந்தக் கோடியில ஆரம்பிச்சு இங்க வரேன்," என்றார் தோட்டக்காரர். "என்னால முடிஞ்சது அவ்வளவுதான். நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டா உங்க பல்லு. இல்லைன்னா என் உரம்."

"கவலையே படாதீங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. "நான் வந்துட்டேன்."

எந்திரத்தின் தண்டை நீட்டி, சுருளை முடுக்கி, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டி, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் திறந்துவிட்டார். பல அலைவரிசையில் போட்டார்.

அடுத்த நொடி, கோழிப் பண்ணைக்குள் நாய் புகுந்ததுபோல ஒரு சத்தம். மாப்பிள்ளை சுருளைத் தரையிலிருந்து தூக்கினார். சத்தம் நிற்கவில்லை. வானத்தைப் பார்த்துப் பிடித்தார். வானத்திலும் ஏதோ புதைந்திருப்பதாக எந்திரம் சாதித்தது.

கொடிக்குப் பின்னாலேயே சார்ஜிங் கொட்டகை; விழாதான் நாளைக்கு, வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. உள்ளே பஸ்கள் வரிசையாக நின்று, தடித்த ஒயர் வழியே மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சார்ஜரும் மெல்ல ரீங்காரமிட்டது. மனிதக் காதுக்கு அது தாலாட்டு. பல அலைவரிசைகளுக்கும் காதைத் திறந்து வைத்திருக்கும் எந்திரத்துக்கோ அது ஒரு கல்யாண மண்டபம்.

"சார்ஜரை எல்லாம் கொஞ்ச நேரம் அணைக்கச் சொல்லு," என்றார் மாப்பிள்ளை மனைவியிடம்.

அவள் கொட்டகை மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "காலைல முதல் ட்ரிப்புக்கு வண்டி நிறைஞ்சாகணுமாம். ஒருத்தர் பல்லுக்காக ஊரையே நடக்க விட முடியாதுன்னு சொல்றாரு."

அதற்குள் மச்சான் தன் பழைய எந்திரத்துடன் வந்து சேர்ந்தான். ஒரு கை கால்சட்டைப் பையில், மறு கையில் எந்திரம், நாயை உலவக் கூட்டி வந்தவன் போல. அவனுடையது கத்தவே இல்லை. அவன் கீழே போட்ட பித்தளைச் சாவிக்கு 'டிங்' என்று ஒரே ஒரு மரியாதையான ஒலி கொடுத்தது.

"சத்தமே இல்ல பாருங்க அத்தான். படிச்ச மெஷின்."

"சத்தமில்லாம இருக்கறது பெரிய விஷயமா? செங்கல்லுகூடச் சத்தமில்லாமதான் இருக்கும். பல்லைக் காட்டுமான்னு பாக்கணும்."

சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. தொலைந்தது போன்ற இன்னொரு பொருளின் மேல் ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. ஆனால் பல்செட்டுக்கு எங்கே போவது? குற்ற உணர்ச்சியில் தவித்துக்கொண்டிருந்த டிரம்காரர் முன்னால் வந்தார். அவருக்குக் கீழ்வரிசை. அதே மருத்துவர், அதே மாதிரி மெல்லிய தகடு.

"கழட்டிக் குடுங்க."

"கழட்ட மாட்டேன். இன்னிக்கு ஒரு செட் போனது போதும். வேணும்னா வாயோட வரேன்."

அப்படியே வந்தார். புல்லில் மல்லாந்து படுத்து, வாயைத் திறந்தார். மச்சான் அவர் முகத்துக்கு மேல் சுருளை ஓட்டினான். மௌனம். இன்னும் தாழ்வாக ஓட்டினான். பரிபூரண மௌனம்.

"இவருக்குப் பல்லே இல்லைன்னு சொல்லுது," என்றான்.

"தாழ்ந்த அலைவரிசைடா அது." மாப்பிள்ளைக்கு உற்சாகம் திரும்பியது. "அது ஆழமாப் போகும். பெருசா இருக்கறதை, செம்பு, வெள்ளி மாதிரி மின்சாரம் நல்லா ஓடறதைப் பிடிக்கும். இந்தத் தகட்டுல மின்சாரம் நொண்டிக்கிட்டுத்தான் ஓடும். இது மாதிரிச் சின்னதுக்கு, மெல்லிசுக்கு, உசந்த அலைவரிசை வேணும்."

"உங்ககிட்ட உசந்தது இருக்கா?"

"எல்லாமே இருக்கு. ஒண்ணாச் சேந்து இருக்கு."

"அதான் இப்ப பிரச்சினை போல."

மாப்பிள்ளை தன் எந்திரத்தை டிரம்காரர் மேல் ஓட்டினார். அது டிரம்காரருக்கு முன்னால் கத்தியது, டிரம்காரர் மேல் கத்தியது, டிரம்காரரைத் தாண்டியும் கத்தியது. திரையில், என்ன உலோகம் என்று சொல்லும் எண்கள் தாவிக் குதித்தன. அந்தக் கணக்குப்படி டிரம்காரர் வாயில் இரும்பு, வெள்ளி, பாட்டில் மூடி, ஒரு சிறிய சைக்கிள் ஆகியவை இருந்தன.

"எழுந்திருக்கலாமா?" என்றார் டிரம்காரர்.

தூரத்தில் புல்வெட்டும் வண்டி உறுமிக் கிளம்பியது. ஒரு பட்டை போய், திரும்பி, அடுத்த பட்டை. வெட்டிய புல்லின் பச்சை வாசனை மெல்ல இந்தப் பக்கம் வந்தது.

மாப்பிள்ளை உணர்திறனைக் குறைத்துப் பார்த்தார். சத்தம் குறைந்தது, அதனுடன் பார்வையும் குறைந்தது. இரைச்சல் நீக்கும் பட்டனை அழுத்தினார். எந்திரம் சிறிது நேரம் யோசித்துவிட்டு, யோசித்ததற்கான கூலியாக இன்னும் கொஞ்சம் கத்தியது. கொடியோரமாக நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஓர் அபயக்குரல். குனிந்து பார்த்தால் ஒன்றுமில்லை. ஓரிடத்தில் மட்டும் ஏதோ இருந்தது. எடுத்துப் பார்த்தார். பஸ் சக்கரத்தின் நட்டு.

"நட்டு கிடைச்சிருக்கு," என்று மச்சான் பெஞ்சைப் பார்த்துச் சொன்னான். "அப்பா, இதை வெச்சு வாசிக்க முடியுமா பாருங்க."

மாமனாரின் தோள்கள் குலுங்கின. தொப்பிக்குப் பின்னால் சிரித்தார். மனிதர் சிரிக்கக்கூடியவர்தான். அதுதான் மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை.

எல்லோரும் மறுபடி தேநீர்க் குவளையோடு நிழலுக்கு ஒதுங்கினார்கள். மாமனார் மட்டும் பெஞ்சிலேயே இருந்தார். தொப்பியை மடியில் வைத்துவிட்டு, கிளாரினெட்டை எடுத்தார். வாய் வைக்கவில்லை. மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு, தன் தனி வாசிப்பை விரல்களாலேயே வாசித்தார். சாவிகள் மட்டும் டொக் டொக் என்று மெல்லத் தட்டின. நடுவில் ஓரிடத்தில் தவறிவிட்டார் போலிருக்கிறது. நின்று, தலையை ஆட்டிக்கொண்டு, அந்த இடத்தை மறுபடி வாசித்தார். நாளைக்கு இல்லாத வாசிப்புக்கு யார் பிழை திருத்துவார்கள்? அவர் திருத்தினார்.

மாப்பிள்ளை எந்திரத்தை அணைத்துவிட்டு நின்றார்.

மனைவி பக்கத்தில் வந்தாள். சீருடையிலேயே இருந்தாள். மாலை ட்ரிப்புக்குப் போக வேண்டும். "என்னங்க, அந்த சிங்கிள் பட்டன்..."

"அதைப் பத்திப் பேசாத. மல்டிதான் இதோட உயிர். சிங்கிள்ல போடறது எல்லாக் கதவையும் சாத்திட்டு ஒரு ஜன்னல் வழியாப் பாக்கற மாதிரி."

"சரி, பேசல." அவள் கொஞ்ச நேரம் புல்வெட்டும் வண்டியைப் பார்த்தாள். "உங்க கடைக்குக் கண்ணாடி போட வந்தேனே, கல்யாணத்துக்கு முன்னாடி. ஞாபகம் இருக்கா?"

"இருக்காம?"

"முதல்ல என்ன சொன்னீங்க?"

"உங்க கண்ணு ரொம்ப..."

"அது ரெண்டாவது. முதல்ல, 'ஒரு கண்ணை மூடிக்கங்க'ன்னு சொன்னீங்க. எனக்கு ஒரே குழப்பம். ரெண்டு கண்ணால நல்லா தெரியணும்னுதானே வந்திருக்கேன், இந்த ஆளு எதுக்கு ஒண்ணை மூடச் சொல்றாருன்னு." அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "நான் பஸ்ஸைப் பத்தித்தான் சொல்லணும். மெஷினைப் பத்தி எனக்கென்ன தெரியும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவது அவளுக்குக் கைவந்த கலை. பதில் சொல்ல நிறுத்தம் கிடைக்காது.

மாப்பிள்ளை யோசித்தார். இந்த விஷயத்தில் அவர் தன்னோடு தானே வாதாடும் வழக்கம் கொண்டவர், வழக்கமாக ஜெயிப்பவரும்கூட. பல அலைவரிசை என்பது பல காதுகள். சரி. ஆனால் சுற்றிலும் சந்தை இரைச்சலாக இருக்கும்போது, காது அதிகமானால் சந்தைதான் அதிகமாகக் கேட்கும். ஒற்றை அலைவரிசையில் போட்டால் எந்திரம் தன் பலத்தையெல்லாம் அந்த ஒன்றில் வைக்கும், அந்த ஒன்றுக்கு மட்டும் காது கொடுக்கும். மற்ற இரைச்சல் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி வெளியே போய்விடும். இங்கே உப்பு மணலும் இல்லை, இரும்பு கலந்த செம்மண்ணும் இல்லை. ஒத்துப் பார்த்துக் கழிக்க வேண்டியது எதுவுமே இல்லை. இதெல்லாம் அவருக்குத் தெரியாததா? எந்திரத்தோடு வந்த விளக்கப் புத்தகத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை அவர் வாசித்திருந்தார். வாசித்துவிட்டு, பலவீனமானவர்களுக்காக எழுதப்பட்டது என்று புரட்டிவிட்டிருந்தார்.

சுற்றும்முற்றும் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யாருமில்லை. டிரம்காரரைக் கண்ணால் கூப்பிட்டார்.

"இங்க வாங்க. வாயைக் கொஞ்சம் திறங்க."

"மறுபடியுமா?"

"கடைசித் தடவை. இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"இதுல சொல்றதுக்கு என்ன தம்பி இருக்கு?" என்றார் டிரம்காரர், படுத்துக்கொண்டே.

மாப்பிள்ளை ஹெட்போனைக் காதில் மாட்டி, ஸ்பீக்கரை அடைத்தார். கட்டைவிரல் அந்தப் பட்டன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழுத்தியது. ஐந்து கிலோஹெர்ட்ஸ்: அமைதி, ஆனால் டிரம்காரர் மறைந்து போனார். பத்து: எண்ணெயில் ஏதோ பொரிந்தது. இருபது: கொட்டகையே காதுக்குள் இறங்கியது. நாற்பது.

நாற்பதில், திடீரென்று யாரோ கதவைச் சாத்தியதுபோல இருந்தது. எப்போதாவது ஒரு சின்ன 'டிக்'. அவ்வளவுதான். சுருளை டிரம்காரரின் மோவாய்க்கு மேல் ஓட்டினார். மெல்லியதாக, ஆனால் சந்தேகமில்லாமல் ஓர் ஒலி. திரையில் ஏழு. வலமிருந்து ஓட்டினாலும் ஏழு, இடமிருந்து ஓட்டினாலும் ஏழு.

"உங்க வாய் ஏழு," என்றார் மாப்பிள்ளை.

"நல்லதா?"

"ரொம்ப நல்லது. எழுந்திருங்க."

கொடியோரம் போனார். கொட்டகைக்கு முதுகைக் காட்டி, திரையை வயிற்றோடு அணைத்து மறைத்துக்கொண்டு, சுருளைப் புல்லின்மேல் மெல்ல ஓட்டினார். உயர்ந்த அலைவரிசைக்கு ஆழம் கம்மி. பரவாயில்லை, பல்செட் என்ன கிணற்றுக்குள்ளா போயிருக்கும்? புல்லுக்குள்தான் இருக்கும். இரும்பு வந்தால் எந்திரம் மட்டமான ஒலியில் முனகியது. தாண்டினார். சாக்லேட் தாள் ஒன்று, பாட்டில் மூடி ஒன்று, தத்தம் எண்ணைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டன. புல்வெட்டும் வண்டி திரும்பிய ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அவர் வேகத்தைக் கூட்டவில்லை. இப்படி அவர் எதையும் தேடியதே இல்லை. இத்தனை நாள் எந்திரம் அவருக்காகக் கேட்டது. இன்றைக்கு அவரே கேட்டுக்கொண்டிருந்தார்.

கொடியின் பாதியைத் தாண்டி, தண்ணீர்க் குழாய் அருகே அடர்ந்து நின்ற ஒரு புல்கொத்தில், மெல்லியதாக ஒரு ஒலி. ஏழு. மறுபக்கமிருந்து ஓட்டினார். எட்டு. மறுபடி. ஏழு.

மண்டியிட்டுக் கையை விட்டார். புல்லின் அடியில், ஈர மண்ணில் முகம் குப்புற, மாமனாரின் சிரிப்பு கிடந்தது.

மாப்பிள்ளை கையைத் தூக்கினார். தோட்டக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். மாமனார் ஓடி வந்தார். அவர் ஓடி மாப்பிள்ளை பார்த்ததில்லை. குழாயில் கழுவி, உதறி, மறுபடி கழுவி, எல்லோருக்கும் முதுகைக் காட்டி மாட்டிக்கொண்டு திரும்பியபோது அவர் முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"மாப்பிள்ள," என்றார். பல் தொலைந்த பிறகு அவர் முழுசாகப் பேசிய முதல் சொல் அது. மாப்பிள்ளையின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துவிட்டுப் பெஞ்சுக்குப் போனார்.

குழுவினர் சூழ்ந்துகொண்டார்கள். "மல்டின்னா மல்டிதான்பா," என்றார் ட்ரம்பெட்காரர், இழப்பைப் பெருந்தன்மையாகத் தாங்கிக்கொண்டு. "அந்தச் சத்தத்துலயும் கண்டுபிடிச்சிருச்சே." டிரம்காரர் வாயைத் திறந்தார். மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். டிரம்காரர் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்குப் பழகிவிட்டிருந்தது.

மச்சான் எந்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். திரையில் பெரிதாக நாற்பது. அவன் திரையைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். மாப்பிள்ளை வானத்தில் பறவைகள் போகின்றனவா என்று அக்கறையோடு கவனித்தார்.

"நல்ல மெஷின் அத்தான்," என்றான் மச்சான், திருப்பிக் கொடுத்தபடியே. அவ்வளவுதான் சொன்னான். டயர் கடைக்காரர்களுக்கும் சில நேரம் மனசு பெரிதாகிவிடுகிறது. அல்லது இதைச் சாப்பாட்டு மேஜைக்கு எடுத்து வைத்துக்கொண்டான்.

பெஞ்சிலிருந்து கிளாரினெட் கிளம்பியது. முதலில் ஒரு தயக்கம், பிறகு நீளமான ஒரு சுரம், வளைந்து, ஏறி, விரல்களால் மட்டும் திருத்திய அந்த இடத்தைத் தாண்டிப் போனது. கொட்டகைக்குள் ஒயர் கழற்றிக்கொண்டிருந்த மனைவி வாசலுக்கு வந்து நின்று கேட்டாள். பிறகு பஸ்ஸில் ஏறினாள். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது.

"தம்பி," தோட்டக்காரர் வண்டிமேலிருந்தே கூப்பிட்டார். "மிச்சப் பட்டையிலயும் நட்டு கிட்டு இருந்தா என் பிளேடு போயிரும். அப்படியே எனக்கு முன்னால ஒரு தடவை ஓட்டிக்கிட்டே போயிடுவீங்களா?"

"அதுக்கென்ன," என்றார் மாப்பிள்ளை.

வண்டிக்கு முன்னால் போய் நின்றார். கட்டைவிரல், பழக்க தோஷத்தில், பல அலைவரிசைப் பட்டனைத் தேடிப் போனது. அதன்மேல் கொஞ்சம் நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோலப் பிடியைச் சுற்றிக்கொண்டது. மாப்பிள்ளை திரையை மறைக்காமல், சுருளை வலமும் இடமுமாக வீசியபடி, புல்வெட்டும் வண்டிக்கு முன்னால் நாற்பது கிலோஹெர்ட்ஸில் நடந்து போனார்.